கை நனைக்காத வீடு

9

போன வாரம் கலைமதியை அடுப்படியில் புத்தகமும் கையுமாக விட்டுவிட்டு வந்தோம். பால் பொங்கி வழிந்துகொண்டிருந்தது. அவளோ அடுப்பை அணைக்காமல் புத்தகத்தை மூடினாள்.

நடுவில் வந்து சேர்ந்தவர்களுக்காக ஒரு வார்த்தை. இலுப்பூரில் மோட்டாருக்குச் செம்புக்கம்பிக் காயில் கட்டும் கடை வைத்திருக்கும் குணசேகரனின் மனைவி கலைமதி. பள்ளிக்கூட ஆபீசில் கிளார்க். கிளை நூலகத்தில் மாதம் ஒரு ஞாயிறு கூடுகிற வாசகர் வட்டத்தில், எட்டு வருடமாக ஒவ்வொரு மாதமும் ஒரு புத்தகத்துக்கு விமர்சனம் எழுதி வாசிக்கிறவள். மொத்தம் தொண்ணூற்றாறு விமர்சனங்கள், எல்லாம் ஒரே தடித்த நோட்டில்.

புது வருடத்தன்று அந்த நோட்டு மகள் இலக்கியாவின் கையில் சிக்கியது. காலேஜில் புள்ளியியல் படிக்கிற பெண்ணிடம் நோட்டுச் சிக்கினால் என்ன செய்வாள்? எண்ணிவிட்டாள்.

"தொண்ணூத்தாறுல தொண்ணூத்தொண்ணு ஆம்பளைங்க எழுதினதும்மா. மிச்ச அஞ்சும் நம்மள மாதிரி வீட்டுப் பொம்பளைங்க எழுதினது. எட்டு வருஷமா ஒரே தெருவுக்குள்ளதான் நடந்துக்கிட்டிருக்க."

கலைமதிக்குச் சுருக்கென்றது. இரண்டு நாள் மகளோடு பேசவில்லை. மூன்றாம் நாள் நோட்டில் புதுப் பக்கம் திருப்பி எழுதினாள்: 'இந்த வருடம் பன்னிரண்டு புத்தகம். பன்னிரண்டும் நான் கை நனைக்காத வீட்டிலிருந்து.'

எந்த மாதிரி ஆட்களின் வீட்டில் தான் இதுவரை உட்கார்ந்து ஒரு வாய் சாப்பிட்டதில்லையோ, அவர்கள் எழுதிய புத்தகம் என்று கணக்கு. ஜனவரியில் ஒரு லாரி டிரைவர் எழுதியது. பிப்ரவரியில் அஸ்ஸாம் தேயிலைத் தோட்டத்துப் பெண் ஒருத்தி எழுதி, தமிழுக்கு வந்தது. அதைப் படித்த வாரம் முழுக்க டீத்தூள் பாக்கெட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். "இதப் பறிச்சவ பேரு என்னவா இருக்கும்?" என்று புருஷனிடம் கேட்டாள். "பேரத் தெரிஞ்சாத்தான் டீ போடுவியா?" என்றார் அவர். எதைக் கேட்டாலும் வாயில் பதில் தயாராக வைத்திருக்கிற மனுஷர்.

மார்ச் மாதத்துக்கு எடுத்தது ஷர்லி என்பவரின் சிறுகதைத் தொகுப்பு. அட்டையில் போட்டோ இல்லை. 'மணமேல்குடியில் ஆசிரியை' என்று ஒரே ஒரு வரி. கடற்கரைப் பக்கத்துக் கிறிஸ்தவப் பெண், மீனும் வலையுமாக இருக்கும் என்று ஆசையாகத் திறந்தாள். ஐந்து கதை அப்படித்தான் போனது. ஆறாவது கதையில் ஊர் மாறி ஆவூருக்கு வந்தது.

ஆவூர் மாதா கோயில் தேர்த் திருவிழா. கூடப் படிக்கிற தோழியைக் கதை சொல்கிறவள் வீட்டுக்குச் சாப்பிடக் கூப்பிட்டிருக்கிறாள். மஞ்சள் குடை பிடித்து வருகிறாள் தோழி. இலை போட்டதும், "இன்னைக்கு எனக்கு விரதம்" என்கிறாள். அது பொய் என்று தோழிக்கும் தெரியும், கதை சொல்கிறவளுக்கும் தெரியும். தெரியாத ஒரே ஆள் அந்த வீட்டு அம்மா. "விரதம் முடிஞ்சு சாப்பிடட்டும்" என்று கறிக்குழம்பும் சோறுமாக ஒரு தூக்கில் போட்டுக் கையில் கொடுத்து அனுப்புகிறாள். தூக்கு திரும்பி வரவில்லை. அந்த அம்மா வருடா வருடம் தேருக்குத் தேர் கேட்கிறாள், "அந்தப் புள்ள சாப்பிட்டுச்சா?" என்று. கேட்டுக் கேட்டே செத்துப்போகிறாள்.

பால் பொங்கியது அந்த இடத்தில்தான்.

மஞ்சள் குடை கலைமதியுடையது. இருபத்து நான்கு வருடத்துக்கு முன்னால் புதுக்கோட்டையில் டைப்ரைட்டிங் இன்ஸ்டிடியூட்டில் பக்கத்து மெஷினில் உட்கார்ந்தவள் ஆவூர் வேளாங்கண்ணி. ஷர்லி என்ற பெயரில் எழுதுவது அவள்தான் என்பதில் கலைமதிக்குச் சந்தேகமே இல்லை.

*

இன்று ஞாயிற்றுக்கிழமை. பதினொரு மணிக்கு வாசகர் வட்டம். காலை ஏழு மணிக்கு இலக்கியா பல் விளக்கிக்கொண்டே வந்து குண்டைப் போட்டாள்.

"அம்மா, ஒனக்கு ஒரு சர்ப்ரைஸ். ஷர்லி மேடம் இன்னைக்கு நேர்ல வாராங்க."

கலைமதி அரிவாள்மனையில் வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தாள். கை நின்றுவிட்டது.

"யாரு கூப்பிட்டது?"

"நான்தான். புத்தகத்துல நம்பர் இருந்துச்சு, போன் போட்டேன். எங்கம்மா ஒங்க புத்தகத்துக்கு விமர்சனம் வாசிக்கிறாங்க, வாங்கன்னேன். அம்மா பேரு என்னன்னு கேட்டாங்க. சொன்னேன். கொஞ்ச நேரம் பேச்சே இல்ல. அப்புறம், வாரேம்மான்னுட்டாங்க."

"ஒன்ன யாருடி கூப்பிடச் சொன்னது?"

"எட்டு வருஷத்துல ஒரு எழுத்தாளராவது நேர்ல வந்திருக்காங்களா? நீ சந்தோசப்படுவேன்னு பாத்தா, மொறைக்கிற!"

இலக்கியா டேபிளில் கிடந்த விமர்சனத் தாளை எடுத்துப் படித்தாள். 'விளிம்புநிலை மக்களின் வாழ்வை மண்மணம் கமழச் சித்திரிக்கும் இத்தொகுப்பு' என்று ஆரம்பித்தது. முகத்தைச் சுளித்தாள்.

"என்னம்மா இது, ஊதுபத்தி விளம்பரம் மாதிரி இருக்கு? போன மாசம் எவ்வளவு நல்லா எழுதியிருந்த!"

தாளைத் திருப்பினாள். மறுபடி முதல் பக்கத்துக்கு வந்தாள்.

"ஆறாவது கதையப் பத்தி ஒரு வரிகூட இல்லையே. புத்தகத்துலயே நல்ல கதை அதுதானேம்மா?"

கலைமதி வெங்காயத்தின் மேல் பழியைப் போட்டு முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். ஆனால் பெற்ற மகளிடம் வெங்காயம் எத்தனை நேரம் தாக்குப்பிடிக்கும்?

"அந்தக் குடை என்னோடதுடி" என்றாள்.

*

குணசேகரன் கறி வாங்கிக்கொண்டு உள்ளே வந்தபோது அம்மாவும் மகளும் எதிரெதிரே பேசாமல் உட்கார்ந்திருந்தார்கள். யாருக்கோ உடம்புக்கு முடியவில்லை என்று நினைத்துவிட்டார். விஷயத்தைச் சொன்னதும் கறிப் பையை வைத்துவிட்டுச் சிரித்தார்.

"பூ, இம்புட்டுத்தானா! கதையில ஒன் பேரா போட்டிருக்கு? மஞ்சக் குடைன்னுதானே போட்டிருக்கு. புதுக்கோட்டை ஜில்லாவுல ஆயிரம் மஞ்சக் குடை."

"எழுதினவ எதிர்ல உக்காந்திருப்பா."

"அப்ப வேற புத்தகத்தப் பத்திப் பேசு. இல்லாட்டிக் காய்ச்சல்னு படுத்துக்க. உதயசூரியன்ட்ட நான் போன் பண்ணிச் சொல்லிர்றேன்."

உதயசூரியன் என்பவர் நூலகர். யார் என்ன காரணம் சொன்னாலும் நம்புகிறவர். கலைமதிக்கு ஒரு நிமிடம் ஆசையாகத்தான் இருந்தது. காய்ச்சல் என்று படுத்தால் வட்டத்தில் அவள் பெயர் அப்படியே இருக்கும். பதினாலு பேர் எட்டு வருடமாக 'கலைமதி சொன்னாச் சரியா இருக்கும்' என்று நம்புகிற பெயர். அதைத் தவிர அவள் தனக்கென்று சம்பாதித்தது என்ன இருக்கிறது?

பிறகு யோசித்துப் பார்த்தாள். அன்றைக்கு விரதம், இன்றைக்குக் காய்ச்சல்.

"நீ என்ன கொலையா பண்ணிப்புட்ட?" குணசேகரன் விடவில்லை. "அந்தக் காலத்துல எல்லாரும் அப்படித்தான். அந்தத் தெருவுல போயி யாரு சாப்பிட்டா?"

"இந்தக் காலத்துல?"

"இந்தக் காலத்துல எவன் கூப்பிடுறான்?" என்றார் உடனே.

கலைமதி எழுந்துபோய்க் கறியைக் கழுவினாள். மிளகும் சீரகமும் தனியாக வறுத்து, அவசரமே படாமல் குழம்பு வைத்தாள். ஒன்பதரைக்கு ஸ்டூலைப் போட்டு ஏறி, பரண் ஓரத்தில் மோர்மிளகாய் போட்டு வைத்திருந்த எவர்சில்வர் தூக்கை இறக்கினாள். மிளகாயை ஒரு டப்பாவில் கொட்டிவிட்டுத் தூக்கைப் புளி போட்டுத் தேய்த்தாள்.

அந்தத் தூக்கு இலக்கியா பிறப்பதற்கு முன்பிருந்தே அந்த வீட்டில் இருக்கிறது. எப்போதும் அதன் ஒரு பக்கம் சுவரைப் பார்த்தே இருக்கும். சின்னவளாக இருந்தபோது ஒருமுறை திருப்பிப் பார்த்து, "இது யாரு பேரும்மா?" என்று இலக்கியா கேட்டிருக்கிறாள். "ஏதோ கல்யாண வீட்டுல மாறி வந்தது" என்று பதில் வந்தது. இப்போது அம்மாவே அந்தப் பக்கத்தைத் திருப்பிக் காட்டினாள். வேளாங்கண்ணியின் அம்மாவுக்கு மாதா பேரில் வைத்த பெயர் புள்ளி புள்ளியாக வெட்டியிருந்தது: ச. பாத்திமா, ஆவூர்.

இலக்கியா அந்தப் பெயரின் மேல் விரலை வைத்துத் தடவிப் பார்த்தாள். "கதையில வர்ற தூக்கா?" என்றாள்.

"வெறும் பாத்திரமாத் திருப்பிக் குடுக்கக் கூடாதுல்ல" என்று சொல்லிக்கொண்டே கலைமதி சோற்றைப் போட்டுக் குழம்பை ஊற்றினாள். நல்ல துண்டாகப் பார்த்துப் பார்த்துப் போட்டாள்.

"ஏய், என் கறி எங்கிட்டுப் போகுது?" என்று முற்றத்திலிருந்து சத்தம் வந்தது. இரண்டு பேரும் பதில் சொல்லாமல் ஸ்கூட்டியில் ஏறிவிட்டார்கள்.

*

நூலகத்தில் மின்விசிறிக்கு நேர் கீழே ஒரு பெண் உட்கார்ந்திருந்தாள். பாதித் தலை நரைத்திருந்தது. கண்ணாடி, கஞ்சி போட்ட பருத்திச் சேலை. மேஜைமேல் அவள் விரல்கள் தாமாகத் தட்டிக்கொண்டிருந்தன, பத்து விரலும், மெஷினில் தட்டுகிற மாதிரி. முகத்தைப் பார்க்கும் முன்பே கலைமதிக்குத் தெரிந்துவிட்டது.

"டீச்சர், இவங்கதான் நம்ம கலைமதி மேடம்" என்று உதயசூரியன் அறிமுகம் செய்தார்.

"வணக்கம்ங்க" என்றாள் ஷர்லி. யாரோ தெரியாத ஆளுக்குச் சொல்கிற மாதிரி.

கலைமதியும் வணக்கம் சொன்னாள். தூக்கிருந்த பையை மேஜைக்குக் கீழே காலோடு அணைத்து வைத்துக்கொண்டாள். கறிக்குழம்பு வாசனை மெதுவாக எழுந்து புத்தக அலமாரிகளைச் சுற்ற ஆரம்பித்தது. பின்வரிசையில் இரண்டு பேர் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

விமர்சனத் தாளைப் பிரித்தாள். 'விளிம்புநிலை மக்களின்' என்று முதல் இரண்டு சொல்லைப் படித்தாள். நிறுத்தினாள். தாளை மடித்து நோட்டுக்குள் வைத்தாள்.

"எழுதிட்டு வந்தது சரியில்லைங்க. அப்படியே பேசிர்றேன்" என்றாள். "நல்ல புத்தகம். முதல் கதையில வலை பின்னுற விரலப் பத்தி ரெண்டு பக்கம் வருது. அதப் படிச்சுட்டு நானும் நூலெடுத்து முடிச்சுப் போட்டுப் பாத்தேன், வரல. நாலாவது கதை நீளம். பாதியா வெட்டியிருக்கலாம்."

ஷர்லி தலையசைத்துக் கேட்டுக்கொண்டிருந்தாள். விரல்கள் நின்றிருந்தன.

"ஆறாவது கதையில ஒரு தப்பு இருக்கு."

உதயசூரியன் நிமிர்ந்தார். வந்திருக்கிற எழுத்தாளரிடம் முகத்துக்கு நேராகத் தப்பு என்று சொல்வது இந்த வட்டத்தில் பழக்கமில்லை.

"அந்தப் பொண்ணு போற வழியில சோத்தக் கொட்டியிருப்பா, தூக்கையும் வீசியிருப்பான்னு கதையில வருது. அது தப்பு. அவ கொட்டல. பஸ் மாறுற எடத்துல புளிய மரத்துக்குப் பின்னாடி போயி உக்காந்து, யாரும் பாக்காம, ஒரு பருக்கை மிச்சம் வைக்காமச் சாப்பிட்டா. அதுக்கு முன்னாடி அப்படி ஒரு குழம்ப அவ சாப்பிட்டதில்ல. சாப்பிட்டுட்டு அழுதா. தூக்க வீசவும் மனசில்ல, திருப்பிக் கொண்டாந்து குடுக்கவும் முகமில்ல. ஏன் விரதம்னு சொன்னேன்னு கேட்டா, அப்பாவுக்குப் பயந்துன்னு சொல்லலாம். அது பாதிதான். மீதிப் பாதி எனக்கே அப்ப அருவருப்பா இருந்துச்சு. அதச் சொல்லத்தான் இருபத்தி நாலு வருஷம் ஆயிருச்சு."

'அவ' என்று ஆரம்பித்தது எப்போது 'நான்' ஆனது என்று கலைமதிக்கே தெரியவில்லை. பதினாலு பேரும் அவளையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவள் குனிந்து தூக்கை எடுத்து மேஜைமேல் வைத்தாள், பெயர் தெரிகிற மாதிரி.

"அம்மா கேட்டுக்கிட்டே இருந்தாங்கன்னு எழுதியிருக்க. சாப்பிட்டேன், வேளாங்கண்ணி. நல்லா சாப்பிட்டேன்."

வேளாங்கண்ணி கண்ணாடியைக் கழற்றி அம்மாவின் பெயரைப் பக்கத்தில் வைத்துப் பார்த்தாள். மூடியைத் திறந்தாள். நூலகம் முழுக்க மிளகு வாசனை அடித்தது. உள்ளே பார்த்துவிட்டு மூடியைத் திரும்ப வைத்துத் தூக்கைத் தள்ளிவைத்தாள்.

"இன்னைக்கு எனக்கு விரதம்" என்றாள்.

கலைமதிக்கு முகத்தில் ரத்தமே இல்லை. அப்படியே நாற்காலியில் உட்கார்ந்துவிட்டாள். இதுவும் நியாயம்தான், தனக்கு வேண்டியதுதான் என்று தோன்றியது.

வேளாங்கண்ணிக்குத்தான் அதற்கு மேல் தாங்கவில்லை. பொங்கிச் சிரித்துவிட்டாள். சிரிப்போடு சிரிப்பாகக் கண்ணிலும் தண்ணீர்.

"ஏ கலை, நெசமாவே விரதம்டி! இது தவக்காலம். ஈஸ்டர் வரைக்கும் நாப்பது நாளும் எங்க வீட்டுல கறி கெடையாது. எம் புத்தகத்த வரி வரியாப் படிச்சவளுக்கு இது தெரியாமப் போச்சே!"

"தெரியாதுடி" என்றாள் கலைமதி. வெட்கமாகவும் இருந்தது, தெரிந்துகொள்ள இன்னும் எவ்வளவு இருக்கிறது என்று ஒரு குறுகுறுப்பாகவும் இருந்தது. நோட்டை எடுத்து 'தவக்காலம்' என்று ஓரத்தில் குறித்துக்கொண்டாள். அதைப் பார்த்து இலக்கியா சிரித்துவிட்டாள்.

"எம் மக பேருதான் ஷர்லி. அவ பேருலதான் எழுதுறேன்" என்றாள் வேளாங்கண்ணி. "ஒம் மக போன்ல ஒம் பேரச் சொன்னவுடனே தெரிஞ்சிருச்சு. இல்லாட்டி மணமேல்குடியிலேருந்து விடியக்காலமே பஸ் ஏறி எதுக்கு வாரேன்? ஆறாவது கதைய நீ என்ன பண்ணப்போறேன்னு பாக்கத்தான் வந்தேன். நீ அதப் பேசாம விட்டுருவேன்னுதான் நெனச்சேன்."

"அம்மாகிட்டச் சொல்ல முடியாமப் போச்சே" என்றாள் கலைமதி. "இன்னும் கொஞ்சம் முன்னாடி இந்தப் புத்தகம் கையில கெடச்சிருந்தா..."

"எந்த அம்மாகிட்ட?"

"ஒங்கம்மாகிட்ட. செத்துப்போனாங்கன்னு..."

"கதையிலதான்டி செத்தாங்க. முடிவு நல்லா இருக்கட்டும்னு நான்தான் சாகடிச்சேன். ஆவூர்ல கல்லாட்டம் இருக்காங்க. போன தேருக்குக்கூடக் கேட்டாங்க, அந்தப் புள்ள சாப்பிட்டுச்சான்னு."

கலைமதி வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள். இந்த முறை பழி போட வெங்காயம்கூட இல்லை.

"நான் சொல்ல மாட்டேன். நீயே வந்து சொல்லு" என்றாள் வேளாங்கண்ணி. "ஈஸ்டர் அன்னைக்கு எல வாசல்லேருந்து அடுப்படி வரைக்கும் போட்டிருக்கும். வீட்டோட வாங்க. அந்தா, அவருதானே ஒன் வீட்டுக்காரரு?"

எல்லோரும் திரும்பினார்கள். எட்டு வருடத்தில் ஒருநாளும் நூலகப் படி ஏறாத குணசேகரன், தன் கறியைத் தேடிக்கொண்டு வந்தவர், வாசலில் ஒரு கால் உள்ளேயும் ஒரு கால் வெளியேயுமாக நின்றார். எவ்வளவு நேரமாக நிற்கிறார் என்று தெரியவில்லை.

"அண்ணே, நீங்களும் வரணும். எங்கம்மா கையால சாப்பிடணும்" என்றாள் வேளாங்கண்ணி.

கலைமதி அவரைப் பார்த்தாள். பதினாலு பேரும் பார்த்தார்கள்.

"அப்பா," என்றாள் இலக்கியா மெதுவாக, "ஈஸ்டர் அன்னைக்கு ஒங்களுக்கு ஏதாவது விரதமாப்பா?"

எதைக் கேட்டாலும் வாயில் பதில் தயாராக வைத்திருக்கிற குணசேகரன், சட்டைப் பையில் பைக் சாவியைத் தேட ஆரம்பித்தார். சாவி அவர் கையிலேயே இருந்தது.